ரோமானியக் கண்ணாடியின் வானவில் நிறம் எங்கிருந்து வந்தது?

கேள்வி இதுதான்: இணையக் கடைகளில் "ரோமன் கிளாஸ்" என்று விற்கும் பதக்கங்களும், அருங்காட்சியகங்களில் இருக்கும் ரோமானியக் குப்பிகளும் மயில்கழுத்துப் போல நீலம், பச்சை, பொன், ஊதா என்று மின்னுகின்றன. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பு இதை எப்படிச் செய்தார்கள்? அந்த வித்தை ஏன் தொலைந்துபோனது?

பதில் உங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். அந்த மினுமினுப்பை ரோமானியர்கள் செய்யவே இல்லை, மண்தான் செய்தது. கடையிலிருந்து வாங்கி வந்த அன்றைக்கு அந்தக் குப்பி வெளிர்பச்சையாக, சாதாரணமாக இருந்திருக்கும்.

கண்ணாடி கல் மாதிரி தெரிந்தாலும் ஈரத்துக்கு முழுதாகத் தாக்குப்பிடிக்காது. ரோமானியக் கண்ணாடியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சோடா. ஈரமண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் புதைந்து கிடக்கும்போது மேற்பரப்பிலிருந்து சோடியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறுகிறது. மிஞ்சுவது சிலிக்கா மிகுந்த ஏடுகள். வெங்காயச் சருகு போல ஒன்றன்மேல் ஒன்றாக, ஆனால் அதைவிடப் பல மடங்கு மெல்லியவை. ஒவ்வொரு ஏட்டிலும் பட்டுத் திரும்பும் ஒளிகள் ஒன்றோடொன்று மோதி, சில நிறங்கள் கூடுகின்றன, சில நிறங்கள் அடிபட்டுப் போகின்றன. மழை நாளில் தார்ச்சாலையில் சிந்திய பெட்ரோல் வண்ணம் காட்டுவதும் இதே கணக்கில்தான். கண்ணாடிக்கு வந்த தோல் நோய் என்றே சொல்லலாம். விரலால் தேய்த்தால் செதில் செதிலாக உதிரும். இந்த நோயின் அழகில் மயங்கித்தான் 1890களில் அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனி, புத்தம் புதுக் கண்ணாடியிலேயே அதே மினுக்கத்தை வரவழைத்து விற்றார். ஆக, தொலைந்துபோன வித்தை என்று எதுவும் இங்கே இல்லை. வேண்டுமானால், இரண்டாயிரம் வருடம் கழித்து வந்த வித்தை எனலாம்.

சரி, இத்தோடு நிறுத்தினால் ரோமானியர்களுக்கு அநியாயம் செய்தது போலாகிவிடும். மண் தந்த நிறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அவர்களே கொண்டுவந்த நிறங்களைப் பார்த்தால், அதில்தான் உண்மையான வித்தை இருக்கிறது.

முதலில் எந்த நிறமும் சேர்க்காத கண்ணாடி. மணல்தான் மூலப்பொருள், ஆனால் சுத்தமான சிலிக்கா உருக சுமார் 1,700 டிகிரி வெப்பம் வேண்டும். அன்றைய உலை எதுவும் அதற்கு எட்டாது. அதனால் எகிப்தின் வாதி நட்ரூன் ஏரிகளில் படிந்த நேட்ரான் என்ற இயற்கைச் சோடாவைச் சேர்ப்பார்கள். 1,100 டிகிரி பக்கத்திலேயே மணல் இளகிவிடும். கடற்கரை மணலில் கலந்திருக்கும் சிப்பித் தூள் சுண்ணாம்பைக் கொடுத்துவிடும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் அந்தக் கண்ணாடி தண்ணீரில் கரையும்.

கண்ணாடி பிறந்ததற்கு ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி ஒரு கதை சொல்கிறார். நேட்ரான் ஏற்றிவந்த வணிகர்கள் இன்றைய இஸ்ரேலின் ஆக்கா நகருக்குப் பக்கத்தில், பேலஸ் ஆற்று முகத்துவாரத்தில் கரை இறங்கிச் சமைத்தார்களாம். அடுப்புக்கு முட்டுக்கொடுக்கக் கல் கிடைக்கவில்லை. நேட்ரான் கட்டிகளையே வைத்தார்கள். அது மணலோடு சேர்ந்து உருகி ஓடியதாம். சோறு பொங்கும் தீயில் அதெல்லாம் நடக்காது. ஆனால் கதையில் வரும் இரண்டு பொருளும் சரி, இடமும் சரி. அந்தக் கரை மணல் கண்ணாடிக்குப் பேர்போனது.

அந்த மணலில் கொஞ்சம் இரும்பு உண்டு. அதனால் ஒன்றும் செய்யாமல் விட்டால் கண்ணாடி நீலம் கலந்த பச்சையாக வரும். கோலி சோடா பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதே நிறம். எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பொம்பெயில் கிடைத்த அன்றாடப் பாத்திரங்களில் பெரும்பாலானவை இந்த நிறம்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலர் தவறாக நினைப்பது. ஊர் ஊருக்கு இருந்த கண்ணாடிப் பட்டறைகள் கண்ணாடியைத் தயாரிக்கவில்லை. மணலை உருக்கிக் கண்ணாடியாக்கும் வேலை பெரும்பாலும் எகிப்திலும் கிழக்கு மத்தியதரைக் கடற்கரையிலும் பெரிய தொட்டி உலைகளில் நடந்தது. ஒரே தடவையில் டன் கணக்கில் உருக்கி, ஆறவைத்து, உலையை இடித்து, பாளத்தை உடைத்துக் கட்டிகளாகக் கப்பலேற்றுவார்கள். ரோமிலும் இன்றைய ஜெர்மனியின் கொலோனிலும் இருந்த பட்டறைகள் அந்தக் கட்டியை வாங்கி மறுபடி உருக்கிப் பாத்திரம் செய்தன. நம் ஊரில் பொற்கொல்லர் தங்கத்தைத் தோண்டி எடுப்பதில்லையே, அது போலத்தான். இஸ்ரேலில் பெத் ஷெஆரிம் என்ற இடத்தில் ரோமானியருக்குப் பிந்தைய காலத்தில் உருக்கிய ஒரு பாளம் இன்னும் கிடக்கிறது. சுமார் 9 டன் எடை! சுண்ணாம்பு கூடிப்போய்க் கெட்டுவிட்டது, உருக்கியவர்கள் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பிரான்சின் தென்கரையில் அம்பியே தீவருகே கி.பி. 200 வாக்கில் மூழ்கிய ஒரு கப்பலிலும் கண்ணாடிக் கட்டிகள் பல டன் கிடைத்தன.

இனி நிறம். பட்டறைக்காரர் கையில் இருந்த சரக்கு மிகக் குறைவு, அதிலிருந்து எடுத்த வண்ணங்கள்தான் அதிகம். ஆயிரத்தில் ஒரு பங்கு கோபால்ட் போதும், கண்ணாடி ஆழ்ந்த நீலமாகிவிடும். மாங்கனீசு கூடுதலாகப் போனால் கத்தரிப்பூ ஊதா. செம்பு இரட்டை வேடக்காரன்: உலையில் காற்று தாராளமாக இருந்தால் பச்சை கலந்த நீலம் கொடுக்கும், காற்றைக் குறைத்துப் புகைமூட்டமாக எரித்தால் அதே செம்பு அரக்கு மாதிரி ஒளிபுகாத சிவப்பாக மாறும். இந்தச் சிவப்புதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. உலையில் காற்று கொஞ்சம் கூடினாலும் நிறம் கைவிட்டுப் போய்விடும். இரும்பும் கந்தகமும் புகைத்தீயில் சேர்ந்தால் தேன் நிறம். ஒளிபுகாத வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் ஆன்டிமனி என்ற தாதுப்பொருள்: அது கண்ணாடியில் இருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து நுண்படிகமானால் பால்வெள்ளை, ஈயத்தோடு சேர்ந்தால் மஞ்சள். கறுப்பு என்று ஒரு நிறம் கிடையாது. கறுப்பாகத் தெரியும் பாத்திரத்தை விளக்குக்கு நேரே பிடித்தால் அடர்பச்சையோ ஊதாவோ எட்டிப் பார்க்கும்.

ஊதுகுழல் பரவுவதற்கு முன்பு இந்த வண்ணங்களை வைத்துச் செய்த உச்சமான வேலை மொசைக் கண்ணாடி. எனக்கு ரோமானியக் கண்ணாடியிலேயே ரொம்பப் பிடித்தது இதுதான். வெவ்வேறு நிறக் கம்பிகளை அடுக்கி, நடுவில் மஞ்சள், சுற்றிலும் வெள்ளை, அதற்கு வெளியே பச்சை என்று ஒரு தடித்த உருளையாக்கிச் சூடுபண்ணுவார்கள். இளகியதும் இரு முனையையும் பிடித்து இழுப்பார்கள், திருவிழாவில் ஜவ்வு மிட்டாய்க்காரர் இழுப்பது போல. உருளை விரல் தடிமனுக்கு மெலியும், ஆனால் உள்ளே இருக்கும் பூ வடிவம் கலையாது; சிறியதாக மட்டும் ஆகும். ஆறியபின் குறுக்கே நறுக்கினால் வெண்டைக்காய் வில்லை மாதிரி ஒவ்வொரு துண்டிலும் அதே பூ. அந்த வில்லைகளை வட்டமாகப் பரப்பி, உருக்கி ஒட்டவைத்து ஒரு தட்டாக்கி, கவிழ்த்த கிண்ண வடிவ அச்சின்மேல் போட்டு மறுபடி சூடாக்கினால் தட்டு தொய்ந்து கிண்ணமாகிவிடும். அப்புறம் உள்ளும் புறமும் தேய்த்து மெருகேற்ற வேண்டும். ஒரு கிண்ணத்துக்கு இத்தனை பாடு! விலை எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த உலகத்தைத் தலைகீழாகப் புரட்டியது ஒரு குழல். உருகிய கண்ணாடியை ஊதிப் பாத்திரமாக்கலாம் என்று கண்டுபிடித்தது கி.மு. முதல் நூற்றாண்டில், கிழக்கு மத்தியதரைக் கரையில். ஜெருசலேமின் யூதர் பகுதியில் நடந்த அகழாய்வில் அந்தக் காலத்துப் பட்டறைக் கழிவு கிடைத்தது. அதில் சிறு கண்ணாடிக் குழாய்களும், அவற்றின் நுனியை ஊதி எடுத்த குட்டிக் குமிழ்களும் இருந்தன. இரும்புக் குழலுக்கு முந்தைய கட்டம் அது. நாள் கணக்கில் நடந்த வேலை நிமிடங்களுக்கு இறங்கியது, அதோடு கண்ணாடியும் மெலிந்தது. பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் எழுதிய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ, ரோமில் ஒரு செப்புக்காசுக்குக் கண்ணாடிக் கோப்பை வாங்கலாம் என்கிறார். ஆகவே "பணக்காரர் வீட்டில் மட்டும்தான் கண்ணாடி இருந்தது" என்ற நினைப்பு, முதல் நூற்றாண்டின் பின்பாதி ரோமுக்குப் பொருந்தாது.

அச்சுக்குள் ஊதும் முறையும் சீக்கிரமே வந்தது. அதில் பேர் எடுத்தவர் என்னியோன், இன்றைய லெபனானின் சீதோன் பக்கத்துக்காரர் என்று கருதப்படுபவர். நீலம், பச்சை, தேன் நிறம் என்று வண்ணக் கோப்பைகளில் "என்னியோன் செய்தது" என்று கிரேக்கத்தில் அச்சிலேயே பதித்துவிடுவார். சிலவற்றில் கூடவே "வாங்குபவர் நினைவுகூரப்படட்டும்" என்றும் இருக்கும். வாடிக்கையாளரை வாழ்த்தும் விளம்பரம் அவ்வளவு பழையது.

விலை குறைந்ததும் பழைய கண்ணாடிக்கும் ஒரு சந்தை உருவானது. ரோமின் டைபர் ஆற்றுக்கு அப்பாலிருந்து வரும் ஒரு தெருவியாபாரியைக் கவிஞர் மார்ஷியல் கிண்டலாகக் குறிப்பிடுகிறார்: கந்தகம் தடவிய தீக்குச்சிகளைக் கொடுத்து உடைந்த கண்ணாடியை வாங்கிப் போகிறவன். நம் தெருக்களில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவரின் ரோமானியப் பங்காளி! இத்தாலியின் கிராடோ அருகே மூழ்கிய கப்பலில் ஒரு மரப்பீப்பாய் நிறைய உடைந்த கண்ணாடி இருந்தது. இப்படி மறுபடி மறுபடி உருக்கியதை இன்று வேதியியல் சோதனை காட்டிக்கொடுக்கிறது. பொதுவாக ஒரு கண்ணாடியில் மாங்கனீசு, ஆன்டிமனி இரண்டில் ஒன்றைத்தான் சேர்ப்பார்கள்; இரண்டும் ஒரே துண்டில் சேர்ந்து தெரிந்தால், இரண்டு வகைப் பழைய கண்ணாடி ஒரே மூசையில் விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

வண்ணத்தின் மோகம் உச்சத்தில் இருந்தபோது பிறந்தது போர்ட்லண்ட் ஜாடி. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கி.பி. முதல் நூற்றாண்டின் முதல் கால்பகுதி என்று கணக்கிடுகிறார்கள். உயரம் 24.5 செ.மீ. தான். ஏறக்குறைய கறுப்பாகத் தெரியும் கோபால்ட் நீலக் கண்ணாடியின்மேல் பால்வெள்ளைக் கண்ணாடியைப் போர்த்தி ஊதி, ஆறிய பிறகு வெள்ளையை மட்டும் செதுக்கி உருவங்களை எடுத்திருக்கிறார்கள். வெள்ளை மெலியும் இடத்தில் அடியிலிருக்கும் நீலம் லேசாகக் கசிந்து நிழலாகிறது. சொல்லும்போது சுலபம். இரண்டு கண்ணாடியும் ஆறும்போது ஒரே அளவில் சுருங்க வேண்டும். கொஞ்சம் மாறினாலும் விரிசல்தான். ஆங்கிலேயப் பீங்கான் தயாரிப்பாளர் ஜோசையா வெட்ஜ்வுட் பல வருடம் முயன்று 1790 வாக்கில் இதைப் பீங்கானில் நகலெடுத்தார். கண்ணாடியிலேயே நகலெடுக்க 1876 வரை ஆனது. இதற்கிடையில் 1845 பிப்ரவரியில் ஒருவன் அசல் ஜாடியைச் சுக்குநூறாக உடைத்துவிட்டான். ஒட்டியபோது 37 சில்லுகள் எங்கே போகும் என்று தெரியாமல் மிஞ்சின. 1980களின் கடைசியில் மூன்றாவது முறையாகப் பிரித்து ஒட்டிய பிறகுதான் அவற்றில் பெரும்பாலானவை தம் இடத்துக்குத் திரும்பின.

இதற்கு அடுத்த திருப்பம்தான் எனக்கு வியப்பு. இவ்வளவு பாடுபட்டு வண்ணத்தைக் கைவசப்படுத்தியவர்கள், ஐம்பது அறுபது வருடத்தில் அதைக் கைவிட்டார்கள். கி.பி. 70களில் எழுதிய பிளினி தெளிவாகச் சொல்கிறார்: படிகக்கல் போல நிறமே இல்லாத, தெள்ளத் தெளிந்த கண்ணாடிக்குத்தான் மதிப்பு அதிகம். நீரோ காலத்தில் இரண்டு சின்னக் கோப்பை 6,000 செஸ்டர்ஸுக்கு (ரோமானிய நாணயம்) விலைபோனதாகவும் குறிப்பிடுகிறார். அப்போது ஒரு படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டர்ஸ். என் கணிப்பு இது: ஊதுகுழல் வந்ததும் நீலமும் ஊதாவும் கடைத்தெருவில் மலிந்துவிட்டன. கடைத்தெருவில் கிடைப்பதைச் செல்வந்தர் மேசையில் வைக்க மாட்டார். நிறமில்லாத கண்ணாடியோ செலவு பிடிப்பது. மணலில் இரும்பு இருக்கும்வரை பச்சை போகாது. அதை அடிக்கச் சரியான அளவு ஆன்டிமனி வேண்டும். அதே ஆன்டிமனிதான், வேறு விதத்தில் சேர்த்தால் வெள்ளையையும் மஞ்சளையும் கொடுத்தது! ஒரு சரக்கு நிறம் கொடுக்கவும் செய்கிறது, நிறத்தை எடுக்கவும் செய்கிறது.

இது வெறும் ரசனை விவகாரம் இல்லை, விலைப்பட்டியலிலேயே இருக்கிறது. கி.பி. 301இல் டயோக்ளீஷியன் பேரரசர் போட்ட விலை உச்சவரம்பு ஆணையில் ஒரு ராத்தல் அலெக்சாண்ட்ரியக் கண்ணாடிக்கு 24 டெனாரியஸ் (இன்னொரு ரோமானிய நாணயம்), பச்சையோடிய யூதேயக் கண்ணாடிக்கு 13. "அலெக்சாண்ட்ரிய" என்பது ஆன்டிமனி சேர்த்து நிறம் நீக்கிய எகிப்தியக் கண்ணாடி என்று அண்மை ஆய்வுகள் காட்டுகின்றன. நிறமில்லாததற்கு ஏறக்குறைய இரட்டை விலை.

வண்ணம் முழுதாகப் போய்விடவில்லை. கொலோன் பட்டறைகள் நிறமற்ற குப்பிமேல் நீலம், வெள்ளை, பொன் நிறக் கண்ணாடி இழைகளைப் பாம்பு நெளிவதுபோல ஒட்டி அழகு பார்த்தன. ஆனால் பிற்காலத்து வண்ணக் கண்ணாடி என்றால் ஒரே ஒரு பாத்திரத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். 4ஆம் நூற்றாண்டின் லைகர்கஸ் கோப்பை. இதுவும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது, 1958இல் வாங்கினார்கள். கிரேக்கப் புராணத்தில் திராட்சைக்கொடியில் சிக்கித் தவிக்கும் லைகர்கஸ் அரசன் கதையைச் சுற்றிலும் கூண்டுபோலக் குடைந்து எடுத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து வெளிச்சம் பட்டால் கோப்பை பச்சைப்பாசி நிறம். உள்ளே விளக்கு வைத்தால் மாணிக்கச் சிவப்பு. காரணம், கண்ணாடியில் பத்து லட்சத்துக்கு சுமார் 300 பங்கு வெள்ளியும் 40 பங்கு தங்கமும் மிக நுண்ணிய துகளாகக் கலந்திருக்கின்றன. ஒவ்வொரு துகளும் 50 முதல் 100 நானோமீட்டர்தான், தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதை வைத்து "ரோமானியர்களுக்கு நானோ தொழில்நுட்பம் தெரியும்" என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. தெரிந்து செய்திருந்தால் இப்படி மாறும் கண்ணாடி நிறையக் கிடைத்திருக்க வேண்டும். கிடைத்தவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். கொஞ்சம் கைப்பக்குவம், கொஞ்சம் அதிர்ஷ்டம் என்றுதான் நினைக்கிறேன். உண்மையிலேயே தொலைந்துபோன வித்தை ஏதாவது உண்டா என்று கேட்டால், இதை வேண்டுமானால் சொல்லலாம்.

நம் பக்கத்துக்கும் இந்தக் கண்ணாடி வந்தது. எரித்திரியக் கடல் பயண நூல் என்ற முதல் நூற்றாண்டு வணிகக் கையேடு, முசிறிக்கு ஏற்றும் சரக்கில் பாத்திரமாகாத கச்சாக் கண்ணாடியையும் கண்மைக்கான அஞ்சனத்தையும் பட்டியலிடுகிறது. அஞ்சனக்கல் என்பதே ஆன்டிமனித் தாதுதான். அரிக்கமேட்டில் ரோமானியக் கண்ணாடிப் பாத்திரத் துண்டுகள் கிடைத்தன, கேரளத்தில் பட்டணம் என்ற ஊரில் நடந்த அகழாய்வில் வெளிப்புறம் விலா எலும்பு போல வரிவரியாக இருக்கும் கிண்ணத் துண்டுகள். ஆனால் அரிக்கமேட்டில் குவியல் குவியலாகச் செய்த வண்ண மணிகளை ரோமானியக் கண்ணாடி என்று நினைத்துவிடாதீர்கள். அவற்றின் வேதியியல் வேறு, அது இங்கத்திய உருக்கு. புறநானூற்றில் யவனர் தந்த தேறலைப் பெண்கள் ஏந்தி வருவதும் பொன் கலத்தில்தான், கண்ணாடிக் கிண்ணத்தில் இல்லை.

அடுத்த முறை ஏதாவது அருங்காட்சியகத்தில் ரோமானியக் குப்பியைப் பார்த்தால் மினுக்கத்தை விட்டுவிட்டு உடைந்த விளிம்பைத் தேடுங்கள். அங்கேதான் அரிக்கப்படாத உள்பகுதி தெரியும். மேலே மயில்கழுத்தாக மின்னும் குப்பி அங்கே பெரும்பாலும் சோடா பாட்டில் பச்சையாக இருக்கும்.